உள்ளே நின்ற குச்சி

அம்மாவின் செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்களில் நாலைந்து பேர் ஒரே கதையைத்தான் சொன்னீர்கள். செல் குண்டு விழுந்து காது போன மனிசி, பாவம் என்று. நான் தலையாட்டினேன். நாற்பது வருடத்துக்குக் கிட்ட ஆட்டிப் பழகிய தலை, கேளாமலே ஆடும். ஆனால் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த உங்களுக்குப் பொய் சொல்லி இனி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மாவின் இடது காதை எந்தச் செல்லும் எடுக்கவில்லை. ஐயா அடித்துப் போன காது அது. வயலினுக்குள் நிற்கிற ஒரு குச்சியால் வந்த அடி.

ஐயா என்றால் என் அப்பா. நீங்கள் அவரைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு வயலின் வாசிக்கிறவர். வீட்டில் அவர் கண்ணை மூடி நான் கண்டதில்லை.

கடல் மூடிய வருடத்தில்தான் இது நடந்தது. எங்கள் கரையில் இருந்து ஒருவரும் தொழிலுக்கு இறங்கக் கூடாது என்று நேவி சொல்லிவிட்டது. இறங்கிய இரண்டு பேரின் உடம்பு மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கியது. அதன் பிறகு வள்ளங்களெல்லாம் மணலில் குப்புறக் கிடந்தன. ஆண்கள் வீட்டில் கிடந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் பின்னேரமானால் எந்த வீட்டில் அடி நடக்கிறது என்று சத்தத்தை வைத்தே நாங்கள் பிள்ளைகள் சொல்லுவோம். உங்களுக்கும் நினைவிருக்கும். அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். என் வீட்டுச் சத்தம் வந்தால் மட்டும் நான் விளையாட்டில் இருந்து விலகிவிடுவேன்.

முந்தியும் ஐயா அடிப்பார்தான். மாதத்தில் ஒன்று, இரண்டு தரம், தவறணையில் குடித்துவிட்டு வந்தால். "அடியாத மாடு படியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். கடல் மூடியபின் அதற்குக் குடியும் தேவைப்படவில்லை. அம்மா ஒருநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியிடம் சொன்னாள். சுவாமி நல்ல மனிதர். வேலையில்லாத கை அப்படித்தான் அலையும், அதற்கு ஒரு வேலை கொடுத்தால் ஆறும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு பூசை முடிய ஐயாவைக் கூப்பிட்டு, உயிர்த்த ஞாயிறு அன்று நீர் தனியாக வாசிக்க வேண்டும், வயலினை நல்லாய்ச் செப்பம் பண்ணி வையும் என்றார். அப்போது அந்தச் சுவாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருந்திராது. இன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, பிறகு என் மகனின் வயதை நினைத்துக் கோபம் போய்விடுகிறது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியது. ஐயாவும் வயலினில் கையை வைத்தார்.

நாலு தந்தியையும் தாங்கிக்கொண்டு நடுவில் நிற்கிற மரத்துண்டைக் குதிரை என்பார்கள். பழைய குதிரை தேய்ந்துபோயிற்று என்று பூவரசங் கட்டையில் புதிதாக ஒன்றைச் செதுக்கினார். அது தடிப்பாய் இருந்தது. வயலின் போர்வைக்குள் இருந்து பாடுவது மாதிரிக் கேட்டது. போத்தல் ஓட்டால் சுரண்டிச் சுரண்டி அதை மெல்லியதாக்கினார். இப்போது தகரத்தில் நகம் பட்டது போலக் கீச்சிட்டது. முதல் தந்தி அறுந்தது. பட்டணத்துக்குப் போய் வாங்க வழியில்லை. சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்து முறுக்கினார். தந்திகளைப் பிடித்திருக்கும் வால் பலகையின் கயிறு இற்றுப்போக, தூண்டிலுக்குப் பாவிக்கிற தங்கூசி நூலால் கட்டினார். கட்டு நீண்டால் சத்தம் தொளதொளத்தது. குறுகினால் எல்லாம் இறுகி அழுதது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஆரோ சொல்லிச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அதற்கும் அடி எங்கள் வீட்டில்தான் விழுந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நாலு இழுவை இழுத்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கேட்பார்.

"எப்பிடி இருக்கு?"

அம்மாவிடம்தான் கேட்டாக வேண்டும், ஏனென்றால் காது அவளுடையது. அம்மா நெடுந்தீவுக்காரி; அவளின் தாய்வீடு அங்கேதான். தபசு காலத்தில் வீடு வீடாய்ப் போய் ஆண்டவரின் பாடுகளைப் பாடுகிற கூட்டத்தில் முன்குரல் எடுத்தவள். எந்தத் தந்தி எங்கே பிசகுகிறது என்று தேங்காய் திருவிக்கொண்டே சொல்லுவாள். இரண்டாம் தந்தி அடைக்கிறது என்று உள்ளதைச் சொன்னால், எனக்குப் பாடம் எடுக்கிறாயோ என்று அடி. நல்லாயிருக்கு என்று சொன்னால், பொய் சொல்லுகிறாயோ என்று அடி. ஒருநாள் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தாள். அன்றைக்குக் கதிரையின் கால் முறிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐயா நாலு தந்தியையும் ஒன்றாகக் கழற்றிவிட்டுக் குதிரையை மாற்றினார். திரும்பப் பூட்டி வாசித்தபோது வயலினுக்குள் உயிரே இருக்கவில்லை. வெறும் குடத்துக்குள் வாயை வைத்துக் கத்தியது போல் ஒரு சத்தம். தூக்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ கடகடத்தது. நான்தான் விழுத்தி உடைத்துவிட்டேன் என்று முடிவு கட்டினார். கூரையில் செருகியிருந்த காய்ந்த திருக்கை மீன் வாலை எடுத்தார். திருக்கை வாலால் அடி வாங்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அது தோலில் விழுவதில்லை, தோலை எடுத்துக்கொண்டு போகிறது. என் முதுகில் மூன்று கோடு இப்போதும் இருக்கிறது. குறுக்கே விழுந்து மறித்த அம்மாவுக்கு எத்தனை என்று நான் எண்ணவில்லை.

அவர் வெளியே போனபின் அம்மா வயலினை மடியில் வைத்து, கவிழ்த்து, மெல்ல மெல்லச் சரித்தாள். மேற்பலகையில் வளைந்து வளைந்து இருக்கிற துவாரம் வழியாக ஒரு குச்சி வெளியே விழுந்தது. சின்ன விரல் நீளம், பென்சில் தடிப்பு. உடைந்த துண்டு இல்லை. இரண்டு முனையும் அழகாகச் சரித்து வெட்டியிருந்தது. அதற்கு ஒரு பெயர் இருக்கும். எங்களுக்குத் தெரியாது. அம்மா அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியின் உடைந்த துண்டைத் துவாரத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னாள். அடிப்பலகையில், குதிரையின் வலது கால் நிற்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறிய வட்டம் தூசு படியாமல் வெளிறிக் கிடந்தது.

"இஞ்சைதான் நிண்டிருக்கு. ஒட்டேல்லை. தந்தி அமத்திற அமத்தலிலைதான் நிண்டிருக்குது. எல்லாத் தந்தியையும் ஒண்டாக் கழட்டினபடியால் விழுந்திட்டுது" என்றாள்.

முதுகு எரிய எரிய நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சைக்கிள் கம்பி ஒன்றைக் கல்லில் தீட்டிக் கூராக்கி, இரண்டு இடத்தில் வளைத்தாள். கூர்முனையில் குச்சியைக் குத்தி, துவாரத்துக்குள்ளால் விட்டு, நிமிர்த்தி, அந்த வட்டத்தின்மேல் நிறுத்தினாள். ஏழெட்டுத் தரம் விழுந்தது. பிறகு நின்றது. தந்திகளை முறுக்கினோம். நான் விரலால் சுண்ட, அவள் கேட்டாள். கம்பியின் வளைவால் குச்சியை ஓர் அரிசி அளவு தட்டினாள். திரும்பச் சுண்டச் சொன்னாள். அந்த ஓர் அரிசி அளவுக்கு வயலின் வேறு ஆளாகிப் பேசியது. என் முதுகை நான் மறந்தே போனேன்.

பின்னேரம் ஐயா வந்து, வெறுப்போடு எடுத்து ஒரு இழுவை இழுத்தார். நிறுத்தினார். திரும்ப இழுத்தார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தங்கூசிக் கட்டு இறுகினபிறகுதான் சரிவந்திருக்கு, நான் நினைச்சபடிதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பொழுதுபடும் வரைக்கும் வாசித்தார். அன்றைக்கு அடி இல்லை. எனக்குத் தின்ன ஒரு கல்பணிசுகூட வாங்கித் தந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு தொழில் கிடைத்தது. அவர் தவறணைக்கோ நிவாரண அரிசிக்கோ போகிற நேரம் கூரைக் கிடுகுக்குள் ஒளித்துவைத்த கம்பியை எடுப்போம். குச்சியைக் குதிரைக்குக் கிட்டத் தள்ளினால் சத்தம் கூராகும். விலக்கினால் மெத்தென்று போகும். வெளிப்பக்கம் போனால் முதல் தந்தி மிஞ்சும், உள்ளே வந்தால் தடித்த தந்தி உறுமும். உப்புக் காற்று அடிக்கிற நாளில் பலகை ஊதி வேறு கணக்காகும். கரையில் ஆண்கள் வந்து கேட்டுவிட்டு, அண்ணையின்ரை கை விசேஷம் என்று சொல்லிப் போனார்கள். அவர் நெஞ்சு நிமிர்ந்து திரிந்தார். இடைக்கிடை அடி விழத்தான் செய்தது. அப்போதெல்லாம் நானும் அம்மாவும் குச்சி கொஞ்சம் விலகிப் போயிற்று, எங்கள் பிழை என்று பேசிக்கொள்வோம். நாளைக்கு இன்னும் கவனமாய் வைப்போம் என்று அம்மா வீங்கிய வாயால் சொல்லுவாள். நானும் படுக்கும் முன் அந்தக் குச்சிக்காகச் செபம் சொன்னேன். சிரிக்காதீர்கள். அம்மா உயிரோடு இருப்பதே அது நிற்கிற இடத்தில்தான் என்று எனக்கு அப்போது பட்டது.

தபசு காலத்தின் கடைசிக் கிழமையான பெரிய கிழமை வந்தது. புதன்கிழமை மத்தியானம் கடலில் இருந்து நேவிக்காரன் செல் அடித்தான். கோயிலுக்குள் ஓடிப் போய் வாங்குகளுக்குக் கீழே படுத்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டு மாமி மட்டும் அடுப்பில் உலை இருக்கிறது என்று வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. மாமியின் ஒரு பாதி வேலியில் இருந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினாள். ஆனால் பிந்திப்போயிற்று.

வீட்டுக்குள் வந்தால் ஐயா வயலினை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். காலையில் எதற்கோ தந்திகளைத் தளர்த்திவிட்டு வைத்திருக்கிறார். செல் விழுந்த அதிர்ச்சியில் குச்சி சரிந்துவிட்டது. உள்ளே கடகடப்பு. தூஷணத்தால் கத்தினார். கடலில் இன்னும் இரைச்சல் அடங்கவில்லை. அம்மாவுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, இந்த மனிசன் கத்தாமல் இருக்க வேண்டும். நேரே போனாள். கிடுகுக்குள் கையை விட்டுக் கம்பியை எடுத்தாள். அவர் கையில் இருந்து வயலினை வாங்கி, கண்ணாடிகூட இல்லாமல், இரண்டு நிமிடத்தில் குச்சியை நிறுத்தி, தந்தியை முறுக்கி நீட்டினாள். நீட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. அவள் முகம் வெளிறியதை நான் கண்டேன்.

ஐயா வயலினைப் பாயில் மெதுவாக வைத்தார்.

"எத்தினை நாளாய்?"

அம்மா கம்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கரையிலை எல்லாரும் என்ரை கையெண்டு சொன்னது உன்ரை கையையோ?"

விரித்த கையால் ஒரே ஒரு அடி. அம்மாவின் இடது காதில். சத்தம் பெரிதாய் இருக்கவில்லை. அம்மா நின்ற இடத்திலேயே இருந்தாள், பிறகு சரிந்தாள். காதுக்குள் இருந்து இரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. அந்த நேரம் பார்த்து, ஆருக்கெல்லாம் காயம் என்று பார்க்க ஆட்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். இரத்தத்தைக் கண்டதும், ஐயோ இஞ்சையும் செல்லோ என்று ஆரோ கேட்டார்கள். ஐயா ஓம் என்றார். அம்மாவும் தரையில் இருந்து ஓம் என்றாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஓம் என்றேன். ஊர் விதானையார் காயப்பட்டவர்களின் பட்டியலில் அம்மாவின் பெயரை எழுதினார். ஐயா சத்தமாய் அழுதார். அது நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடாதது.

பெரிய வியாழன் பூசையோடு கோயிலில் மணியும் வாத்தியமும் அடங்கிவிடும். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு தந்தியைச் சுண்டினாலும் பாவம் என்பது எங்கள் கரையின் வழக்கம். பெரிய வெள்ளி அன்று ஐயா சிலுவையை முத்தமிட்டு அழுதார். அன்று முழுவதும் அம்மாமேல் கை படவில்லை. சவுக்கடி பட்ட ஆண்டவருக்குக் காட்டுகிற மரியாதை. சனிக்கிழமை அவர் கம்பியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அம்மாவோடு கண்ணாடி பிடித்தது நான்தான் என்று கண்டுகொண்டிருக்கிறார். நாளைக்கு ஊரே கேட்கப்போகுது, அவசரத்தில் நிறுத்தின குச்சியைச் சரியாய் வை, பிசகினால் கொம்மாவின்ரை மற்றக் காதும் போகும் என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

தந்தியைச் சுண்டவும் கூடாது. சரி பிழை சொல்லுகிற காதும் பாதி போயிற்று. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா தலையில் கட்டிய துணியோடு எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். வயலினைக் கவிழ்த்து, தன் வலது காதை முதுகுப் பலகையில் அழுத்திக்கொண்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டச் சொன்னாள். தட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். இடப்பக்கம் ஓர் அரிசி என்று கையால் காட்டினாள். தள்ளினேன். திரும்பத் தட்டினேன். பின்னேரம் முழுக்க இப்படியே போயிற்று. கடைசியில், எனக்குத் தெரியேல்லை பிள்ளை, எல்லாம் தண்ணிக்குள்ளை கேக்கிற மாதிரி இருக்கு, இனி ஆண்டவர் விட்ட வழி என்று விட்டுவிட்டாள்.

நேவிக்குப் பயந்து அந்த வருடம் இரவுப் பூசை இல்லை. ஞாயிறு காலைதான் பூசை. நீங்களெல்லாம் அங்கே இருந்தீர்கள். 'உன்னதங்களிலே' பாட்டுத் தொடங்க மணி அடித்தது, மூன்று நாள் ஊமையாய்க் கிடந்த வயலின் வாயைத் திறந்தது. ஒரு தந்தி அடைக்கவில்லை, ஒரு தந்தி கீச்சிடவில்லை. அந்தச் சத்தம் ஓட்டுக்கூரைவரை எழும்பி எல்லார் தலையிலும் இறங்கியது. புதன்கிழமை செத்த மாமியின் மகள் வாய்விட்டு அழுதாள். சுவாமி கண்ணைத் துடைத்தார். எனக்கு ஐயாமேல் அன்று இருந்த பாசத்தை இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது. இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

அம்மா பெண்கள் பக்கத்தில் இருந்தாள். வலது காதை வயலின் பக்கம் கொடுக்க வேண்டுமானால் முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இடப்பக்கம் சன்னல். அவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் அம்மா சன்னலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

பூசை முடிவில், திருநாளுக்காக இன்றைக்கு நெடுந்தீவுக்கு லோஞ்சிப் படகு ஓட நேவி விட்டிருக்கிறது, போகிறவர்கள் போகலாம் என்று சுவாமி அறிவித்தார். ஆண்கள் ஐயாவைச் சுற்றி நின்று தோளில் தட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்களோடு வீட்டுக்கு வந்தார். வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"ஊரே அழுதுகொண்டு என்னைப் பாக்குது. உனக்குச் சன்னலுக்கு வெளியிலை என்னடி விடுப்புப் பார்வை?"

கேட்கத்தான் திரும்பினனான் என்று அம்மா சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல வாய் இடம் கொடுக்கவில்லை. திருக்கை வால், பிறகு கால், பிறகு அலுமாரிக் கதவில் தலை. நான் அவர் காலைப் பிடித்தேன். உதறியதில் சுவரில் போய் விழுந்தேன். களைத்தபிறகு கையைக் கழுவிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு, கோயில் முற்றத்தில் காத்திருந்தவர்களிடம் போனார்.

அம்மா குசினி நிலத்தில் கிடந்தாள். நான் தவழ்ந்து போய் அவளின் வலப்பக்கத்தில் இருந்தேன். செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. எனக்கு வடிவாக் கேக்கேல்லை. வயலின் நல்லாய்க் கேட்டதோ?"

"ஓம் அம்மா."

"ரெண்டாம் தந்தி?"

"ஒண்டும் அடைக்கேல்லை அம்மா. ஒருநாளும் அப்பிடிக் கேட்டதில்லை."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கூரைக் கிடுகில் கம்பி ஒளிக்கிற இடத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளை இவ்வளவு நாளும் பிடித்து வைத்திருந்தது, இன்னும் ஓர் அரிசி அளவு தள்ளினால் எல்லாம் சரிவரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அது போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மற்றக் கையால் என் தோளைப் பிடித்து எழும்பினாள்.

"அப்ப இனிச் சரிப்பண்ண ஒண்டுமில்லை. உன்ரை சட்டையை எடு. லோஞ்சி ரெண்டு மணிக்கு" என்றாள்.